வீட்டில் எழுத ஓர் இடம்: மேசையை எங்கே போடுவது?

கேள்வி – 2024 மே 9

இரண்டு வருடமாக ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. எழுதுவதெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். தனி அறை கிடையாது. ஹாலில் ஒரு மூலையை வேண்டுமானால் ஒதுக்கிக்கொள்ளலாம். சுவருக்கு நல்ல நிறம் அடித்து, புது மேசை போட்டு, இரண்டு செடி வைத்தால் கற்பனை தானாக ஊறும் என்கிறாள் என் தோழி. பத்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பலன் இருந்ததா?

மே 10

நானும் இப்போது இந்த வேலையில்தான் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பழைய வீடு. பின்கட்டில் எட்டடிக்கு ஒன்பதடியில் ஓர் அறை, ஒரு காலத்தில் நெல் குதிர் நின்ற இடம். குதிர் போன பிறகு தேங்காய், பித்தளைப் பானை, கால் உடைந்த தொட்டில், மகனின் சின்ன சைக்கிள் எல்லாம் வந்து சேர்ந்து, கதவு பாதிதான் திறக்கும் என்றாகிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டோம். இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் எழுதியவள் நான். எனக்கென்று ஓர் அறை அமைவது இதுதான் முதல் தடவை.

செடியும் நிறமும் பிறகு. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். என் அறைக்கு வடக்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது. காலையில் உட்கார்ந்தாலும் மூன்று மணிக்கு உட்கார்ந்தாலும் தாளில் ஒரே மாதிரி வெளிச்சம். ஓவியர்கள் வடக்கு வெளிச்சத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான். உங்கள் ஹாலில் வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் யோசிக்காமல் அங்கே போடுங்கள்.

மே 11

செலவு பற்றி எழுதியிருந்தீர்கள். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடித்தோம். அந்த அறைக்கு எப்போதும் சுண்ணாம்புதான், பெயிண்ட் ஏறியதே இல்லை. பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, சுவரில் சாய்ந்தால் முதுகில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வஜ்ரப் பசை காய்ச்சிச் சேர்த்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டோம். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. ஈரச் சுவர் சாம்பலாகத்தான் இருக்கும். காயக் காய வெளுக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. மூன்றாவது பூச்சு காய்ந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, விளக்குப் போடாமலே அறைக்குள் ஒரு விளக்கு எரிந்த மாதிரி இருந்தது.

குழல் விளக்கை மாற்றியது, ஒரு மேசை விளக்கு, ஜன்னல் கொக்கி, வஜ்ரம், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து இதுவரை நாலாயிரத்துச் சொச்சம். மேசைக்கு இன்னும் செலவு செய்யவில்லை.

மே 11, இரவு

விளக்கு பற்றி ஒரு வரி விட்டுப்போனது. கடையில் பொதுவாக எடுத்துத் தருவது 6500 கெல்வின், வெள்ளைவெளேரென்று இருக்கும். பரீட்சைத்தாள் திருத்த அது சரி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கதை எழுத எனக்கு அது ஆகவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மேசை விளக்குக்கு 3000 கெல்வினில் 9 வாட் பல்பு கேட்டு வாங்கினேன். மஞ்சள் வெளிச்சம் தாளில் மட்டும் விழுகிறது, மற்ற அறை இருட்டு. சுற்றிலும் எதுவும் கண்ணில் படாதது எனக்குப் பெரிய உதவி.

மே 19

மேசை கிடைத்துவிட்டது, அதுவும் பரணிலிருந்து. என் தாத்தா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவருடைய கணக்குப்பிள்ளை மேசையை அம்மா எனக்குக் கொடுத்திருந்தாள். துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியதோடு சரி, மறந்தே போனேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற பெட்டி அது. மேல்மூடி நம் பக்கம் சரிந்து இருக்கும். சரிவின் அடியில் பேரேடு வழுக்கி விழாமல் இருக்க ஒரு விரல் அகலத்துக்குச் சட்டம். மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள், காசு போட, முத்திரை வைக்க, மைக்கூடு நிற்க வட்டமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைச் சுற்றி மரம் கறுப்பாக ஊறிப்போயிருக்கிறது. எத்தனை தேய்த்தும் போகவில்லை, போகவும் வேண்டாம். சட்டத்தின் வலது ஓரத்தில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கிறது. தாத்தாவின் மணிக்கட்டு உட்கார்ந்த இடம். விரலை அதில் வைத்தால் மற்ற இடத்தைவிட வழுவழுவென்று இருக்கிறது. மூடியைத் திறந்தவுடன் அரிசித் தவிடும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. அறுபது வருடத்து வாசனை எப்படித் தங்கியது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

இப்போது பத்தமடைப் பாயைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து எழுதுகிறேன். சரிவான பலகையில் கழுத்து குனிய வேண்டியதில்லை. இதை ஏன் எல்லோரும் விட்டுவிட்டோம்?

மே 26

முட்டி ஒத்துழைக்கவில்லை. தாத்தா பத்து வயதிலிருந்து சம்மணம் போட்டவர், நான் பள்ளிக்கூடத்தில் நின்றே பாடம் நடத்திப் பழகியவள். நாற்பது நிமிடத்தில் கால் மரத்துவிடுகிறது. எழுந்து நடந்து, திரும்ப உட்காரும்போது வரி போய்விடுகிறது.

ஆசாரியைக் கூப்பிட்டு, பெட்டியில் ஓர் ஆணிகூட அடிக்காமல் கீழே ஒரு தாங்கு செய்யச் சொன்னேன். “பெட்டியத் தூக்கி முக்காலி மேல வச்சா அது மேசையாயிருமா தங்கச்சி?” என்று கேட்டுக்கொண்டே அளவெடுத்தார். அவர் அளந்த விதம்தான் இங்கே சொல்ல வேண்டியது. மேசையை அளக்கவில்லை, என்னை அளந்தார். நாற்காலியில் பாதம் முழுதும் தரையில் படும்படி உட்காரச் சொல்லி, தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை நாடா பிடித்தார். இருபத்தைந்தரை அங்குலம். கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குலம். என் உயரத்துக்கு அது தோளைத் தூக்கவைக்கும். இருபது வருடமாக வலித்த என் தோளுக்குச் சாப்பாட்டு மேசைதான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மேசை வாங்கப் போகிறவர்கள் முதலில் தரையிலிருந்து முழங்கைவரை அளந்துகொண்டு போங்கள். மேசை ஏற்கெனவே உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்தி, பாதத்துக்கு ஒரு மணை போட்டுக்கொள்ளுங்கள்.

மே 27

மடிக்கணினியில்தான் எழுதுவேன் என்பவருக்கு: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும், திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்து நடக்காது. கீழே நாலு தடிப் புத்தகம் வைத்து உயர்த்தி, தனி விசைப்பலகை வாங்குங்கள். நான் முதல் படியைக் கையால் எழுதுகிறேன், தட்டச்சு பிறகுதான்.

ஜூன் 2

ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் வலக்கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது என்று இங்கே இரண்டு பேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். பழைய பள்ளிக்கூடங்களில் வகுப்பறை ஜன்னலை இடப்பக்கம் வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் நான் இடக்கைக்காரி.

மூன்று வாரமாகப் பேனா முனை இருட்டில் இருக்கிறதே, விளக்கு போதவில்லையோ என்று பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று மகன் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, உங்க கை நிழல்லதான் நீங்களே எழுதுறீங்க” என்றான். இடக்கையால் எழுதும்போது கை பேனா முனைக்கு இடப்பக்கம் இருக்கிறது, வெளிச்சமும் இடப்பக்கமிருந்து வந்தால் நிழல் நேராக எழுதும் வார்த்தையின் மேலேயே விழும். மேசையைத் திருப்பிப் போட்டோம். இப்போது ஜன்னல் வலப்பக்கம். விளக்கை அணைத்தேன். சின்ன வயதில் நோட்டைக் கோணலாக வைக்கிறேன் என்று வகுப்பில் அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கும் ஜன்னல் இடப்பக்கம்தான் இருந்தது. அந்தப் பிள்ளை வெளிச்சத்தைத் தேடித்தான் நோட்டைத் திருப்பியிருக்கிறாள்.

உங்கள் பிள்ளைகளில் யாராவது இடக்கையால் எழுதினால் இன்றைக்கே போய் மேசையைப் பாருங்கள்.

ஜூன் 16

மே 10 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று சொல்லியிருந்தேன். விழுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னல் கம்பிகளின் நிழலோடு சாய்வாக வந்து தாளில் விழுகிறது, வெள்ளைத் தாளைப் பார்க்கவே முடியவில்லை.

அத்தையிடம் சொன்னேன். “ஆனி மாசம் சூரியன் வடக்கே சாஞ்சுல்லா போவான். நான் வடக்கு முத்தத்துல வத்தல் காயப் போடுறது பின்ன எதுக்காம்?” என்றார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாளையங்கோட்டை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில். சித்திரை பிறக்கும் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு வடக்கே நகர்கிறது. ஜூன் 21 ஒட்டி 23.5 பாகைவரை போய்த் திரும்பி, ஆவணி நடுவில்தான் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே இறங்குகிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமும் அந்த நாட்கள். எங்கள் ஊரில் இடைப்பட்ட நாலரை மாதம் வடக்கும் வெயில் திசைதான். உச்சிவெயிலை ஜன்னல் மேலிருக்கும் சன்ஷேடு தடுத்துவிடும், காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதைத் தடுக்காது. ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். ஓவியர்களின் வடக்கு ஜன்னல் அந்த ஊர்க் கணக்கு. அதை அப்படியே நம் வீட்டுக்குச் சொன்னது என் தவறு.

அத்தை பழைய வெட்டிவேர்த் தட்டியை எடுத்துத் தந்தார்கள். நாலு மணிக்கு இறக்கிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் வாசனையோடு வெளிச்சம் பழுப்பாக வடிந்து வருகிறது.

ஜூலை 20

ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. வேட்டியைக் கொடியில் போட்டால் அடுத்த தெருவில் போய் எடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, மூடினால் புழுக்கம்.

தாமிரபரணியில் குளிக்கப் போன மகன் டவுசர் பை நிறையக் கூழாங்கல் கொண்டுவந்தான். முட்டை வடிவத்தில், சாம்பல் நிறத்தில், நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிற கல் ஒன்று. அதை இடக்கையில் உருட்டிக்கொண்டு யோசிப்பது பழக்கமாகிவிட்டது. உள்ளங்கைச் சூடு ஏறும்வரை உருட்டுவேன், ஏறியதும் வரி வந்துவிடும். வராத நாளும் உண்டு.

ஜூலை 21

சத்தம் பற்றிக் கேட்டவருக்கு. அமைதிதான் வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பின்கட்டு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை அத்தை கிரைண்டரில் உளுந்து போடும் முக்கால் மணி நேரத்தில் நான் எழுதுவது மற்ற நாளைவிட அதிகம். கல் சுற்றுகிற அந்தச் சீரான சத்தம் ஒரு திரை மாதிரி இருக்கிறது. மிக்ஸி போட்டால் எல்லாம் போச்சு.

ரவி மேத்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்துகிறது. 50 டெசிபல் அமைதியில் இருந்தவர்களைவிட 70 டெசிபல் அளவுக்குச் சுற்றுச் சத்தம் கேட்டவர்களுக்குப் புதுப் புது யோசனைகள் அதிகம் வந்தன. 85-க்குப் போனதும் குறைந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் நடுவே எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள், வீட்டில் நான் மட்டும்.

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சுவர் வெள்ளை, மேசை என் முழங்கைக்குச் சரி, வெளிச்சம் சரியான பக்கம், தட்டி, கல், விளக்கு எல்லாம் இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் நான் எழுதி முடித்தது ஒன்றுமில்லை. தொடக்கங்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். அறை இல்லாத காலத்தில் வருடத்துக்கு இரண்டு கதையாவது முடிப்பேன்.

முதலில் கேள்வி கேட்டவர் நான் எழுதியதை நம்பி மூலையைக் காலி செய்துகொண்டிருந்தால், இதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 4, மாலை

ஒரு காரணம் பிடிபட்டது. கதவு.

மே மாதம் அறையைத் திறந்தபோது கதவு கிரீச் என்று அழுதது. கீல் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் விட்டேன், சத்தம் நின்றது. அதிலிருந்து யார் வருகிறார்கள் என்பதே தெரிவதில்லை. “சாவி எங்கே?” என்ற குரல் தோளுக்குப் பின்னால் கேட்கும், உடம்பு தூக்கிவாரிப் போடும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆன பிறகு எழுதும்போதும் ஒரு காது கதவிலேயே கிடக்கிறது. சாப்பாட்டு மேசையில் இந்தத் தொல்லை இல்லை. வருகிறவர்கள் கண்ணெதிரேதான் வருவார்கள்.

இங்கிலாந்தில் சாட்டன் என்ற ஊரில் ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவர் எழுதிய மேசை அங்கே இருக்கிறது, பன்னிரண்டு பக்கம் கொண்ட மிகச் சின்ன வால்நட் பலகை, ஒரு தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த வீட்டில் ஒரு கதவு கிரீச்சிடுமாம். அதைச் சரிசெய்யவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம், யாராவது வந்தால் அந்தச் சத்தம் சொல்லிவிடும் என்று. அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்த செய்தி இது. இதைப் பல வருடம் முன்பே படித்திருக்கிறேன். படித்துவிட்டும் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

தொழுவத்தில் மாடு இருந்த காலத்துக் கழுத்து மணி ஒன்று கிடக்கிறது. அதைக் கதவில் கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

மேலே ஒருவர், “அறை எதற்கு? சல்மா கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதவில்லையா? எழுத வேண்டும் என்ற வெறி இருந்தால் எங்கும் எழுதலாம்” என்று போட்டிருக்கிறார். ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறையில் துண்டுத் தாள்களில் கவிதை எழுதினார், அவற்றை அவருடைய அம்மா ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். இது அவரே சொன்னது. ஒரு பெண்ணுக்கு எழுத இடமும் அனுமதியும் இல்லாமல் வைத்திருந்ததன் சாட்சி அது. அதை எடுத்து இன்னொரு பெண்ணிடம் நீட்டி, “உனக்கும் அது போதுமே” என்று சொல்லாதீர்கள். அந்தக் கவிதைகளை நான் மதிப்பது வேறு, அந்தக் கழிப்பறையை நியாயப்படுத்துவது வேறு. தாழ்ப்பாள் உள்ள இடம் அந்த வீட்டில் அவருக்கு அது ஒன்றுதான்.

அதில் தாழ்ப்பாள் என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். நிறமும் செடியும் இல்லாமல் எழுதியவர்கள் ஏராளம். யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்ற கால் மணி நேரம்கூட இல்லாமல் எழுதியவர்கள் மிகக் குறைவு.

ஆகஸ்ட் 12

நேற்று கோபமாக எழுதிவிட்டேனோ என்று காலையில் மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

செப்டம்பர் 1

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி எழுதிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து சின்ன மாமனார் சொல்லாமல் வந்து நின்றார். பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடினேன். தோசை, படுக்கை, பேச்சு, மணி பன்னிரண்டு. திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அறைக்குள் போனால் நோட்டு திறந்தே கிடக்கிறது. பேனா மூடாமல் மை காய்ந்துவிட்டது. கடைசி வரி, “அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு” என்று நிற்கிறது. நின்றபடியே வேறு பேனா எடுத்து அந்த வரியை முடித்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன். ஆறரைக்குப் பால்காரர் மணி அடிக்கும்போது நாலு பக்கம் ஆகியிருந்தது.

அன்றைக்கு முழுக்க இதையே யோசித்தேன். இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் எழுதியவளுக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. எழுந்திருக்கும்போதெல்லாம் நோட்டை மூடி, தாளை அடுக்கி, பேனாவைச் செருகி, பலகையைத் துடைத்து வைப்பேன். அங்கே அப்படித்தான் செய்ய முடியும், அடுத்து தட்டு வைக்க வேண்டும். புது அறைக்கு வந்த பிறகும் தினமும் ராத்திரி அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். இங்கே யாருமே தட்டு வைக்கப் போவதில்லை! பெட்டி மூடியைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் படுக்கப் போனேன். தினமும் காலையில் பூட்டைத் திறந்து, நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, முதலிலிருந்து படித்து, பிடிக்காமல் போய், புதுப் பக்கம் திருப்பினேன். ஏழு தொடக்கம் அப்படித்தான் வந்திருக்கின்றன.

இப்போது பூட்டுவதில்லை. விரித்தது விரித்தபடி கிடக்கும். ராத்திரி வேண்டுமென்றே பாதி வரியில் எழுந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 2

“வீட்டில் யாராவது எடுத்து வைத்துவிட மாட்டார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்து வைத்தார்கள். சனிக்கிழமை அத்தை கூட்ட வந்து, தாளையெல்லாம் அடுக்கிக் கல்லை மேலே வைத்துவிட்டார்கள். எனக்கு உதவி என்று நினைத்துத்தான். உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். மாவு புளிக்க வைத்திருக்கும் பாத்திரத்தை நடுவில் யாராவது திறந்து கிண்டினால் எப்படி, அதே மாதிரிதான் என்றேன். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. இப்போது தரையை மட்டும் கூட்டுகிறார்கள். மேசையைக் கடக்கும்போது மூச்சைக்கூட மெல்லத்தான் விடுகிறார்கள். நேற்று மகனை அதட்டியது என் காதில் விழுந்தது: “தொடாதலே, உங்கம்மைக்கு அது ஊறிக்கிட்டு கெடக்கு.”

செப்டம்பர் 2, இரவு

விடைத்தாள் கட்டு இந்த அறைக்குள் வராது. அதற்குச் சாப்பாட்டு மேசையே இருக்கட்டும். காலாண்டுப் பரீட்சை வருவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 15

புத்தக அலமாரி எங்கே வைப்பது என்பதற்கு. எழுதும்போது கண்ணில் படாத பக்கம் வைத்தேன், முதுகுக்குப் பின்னால். மற்றவர்களின் நல்ல வாக்கியங்கள் எதிரே நின்றால் என் கை தயங்குகிறது. கண்ணெதிரே சுண்ணாம்புச் சுவர் மட்டும்.

அலமாரியின் கடைசித் தட்டு காலி. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு எங்கள் பக்கமும் ஏறியது. பின்கட்டில் ஒரு முழம் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த என் கல்லூரிக் கால நோட்டுகள் பதினொன்று போயின. வெயிலில் பிரித்துக் காய வைத்தேன், ஒவ்வொரு தாளும் நீலமாக ஓடி ஒரே மேகமாகியிருந்தது. படிக்க முடிந்தது தேதிகள் மட்டும், அவை பென்சிலில் எழுதியவை. அன்றிலிருந்து முதல் படியைப் பென்சிலில் எழுதலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் கட்டிப் போட்டிருக்கிறேன். அந்துருண்டை மூடிய அலமாரிக்குப் பரவாயில்லை. நாம் மணிக்கணக்காக உட்கார்ந்து மூச்சுவிடும் சின்ன அறைக்கு வேண்டாம். எதைப் போட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புத்தகத்தை எடுத்துத் தட்டுவதுதான் வேலை செய்கிறது. இருட்டும் அசையாமல் கிடப்பதும்தான் பூச்சிக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 20

மழை தொடங்கிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்குகிறது, வெயில் வந்தால் விட்டுவிடுகிறது, பூஞ்சை இல்லை. அது பிடித்திருக்கிறது. ஆனால் தாள் நமத்துப்போய்ப் பேனா இழுக்கிறது. பென்சிலுக்கு மாறினேன்.

மகன் பிளஸ் டூ. ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை அந்த அறையைக் கேட்டான். கொடுப்பதற்கு மனம் தயங்கியது. பிறகு ஆசாரி எதிர்ச்சுவரில் ஒரு மடக்குப் பலகை அடித்துத் தந்தார். அவன் அதில் படிக்கிறான், என் மேசையில் விரித்தது அப்படியே கிடக்கிறது. ஒரு ராத்திரி அவன் போன பிறகு என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. எந்த வரிக்கு நேரே என்று பார்த்தேன். சரியான வரிக்குத்தான் போட்டிருந்தான். அந்தப் பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

நவம்பர் 10

குடத்தை இறக்கி வைத்தவளின் கதை முடிந்தது. முப்பத்தோரு பக்கம். இன்னும் தட்டச்சு செய்யவில்லை.

நவம்பர் 11

முதல் கேள்வி கேட்டவர் ஆறு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். ஹால் மூலைக்கு இடம் இல்லை, பிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு ஸ்டூல்தான் போட முடிந்தது, பத்தாயிரத்தில் அறுநூறுதான் செலவாகியிருக்கிறது, இதைப் போய் எழுதும் இடம் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்.

பிரிட்ஜ் சத்தம் கிரைண்டர் ஜாதிதான், கவலை வேண்டாம். எந்தக் கையால் எழுதுகிறீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் இன்றைக்கு ராத்திரி எழுந்திருக்கும்போது நோட்டை மூடாதீர்கள். ஸ்டூலில் திறந்தபடியே விட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காலையில் அது அங்கேயே, அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.